சோகை நோயின் காரணம் கண்ட வரலாறு

கிள்ளையில் வாழும் நான், ஆசிரியப்பணி புரிந்த நாளில், முகம் வெளுத்து வகுப்பிலே துவண்டிருந்த மாணவி ஒருத்தியைச் சோம்பேறி எனக் கடிந்தேன். அவளுக்குற்றது சோகை நோய் என்பதைப் பின்னரே அறிந்து வருந்தினேன்.

குருதிச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் செம்பொருளே உயிர்க்காற்றை உடலெங்கும் சுமந்து செல்கின்றது. அது குறைவதற்குக் காரணம் ஒன்றன்று. இரும்புச்சத்துக் குறைந்தால் அணுக்கள் சிறுத்துப்போகும். வெறுங்காலின் வழியே உடலிற் புகும் கொக்கிப்புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சி அக்குறையை விளைவிக்கும். அணுக்கள் பருத்துவிடும் சோகையும் உண்டு.

அதன் காரணத்தை ஆராய, 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்தார். நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகள் அந்நோயால் வாடுவதைக் கண்டார். அவர்களது உணவை ஆராய்ந்தார். விலை மலிந்த ஈஸ்ட் சாறு நோயைத் தீர்ப்பதறிந்து, 1931-இல் உலகுக்கு உரைத்தார். அச்சாற்றில் மறைந்திருந்த சத்து, 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பெற்று, ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று நம் தாய்மாருக்கு இரும்புச்சத்தோடு சேர்த்து வழங்கப்படுவது அதுவே.

வெளுப்பு ஒன்றாயினும் அதன் வேர் பல. ஆதலின், வெளுத்த பிள்ளையைக் கடியுமுன் அதன் குருதியைச் சோதிக்கச் செய்வோமாக.