உப்புக் காற்றும் விமான எஞ்சினும்

கொழும்புத்துறை என்றதும் யோகர் சுவாமிகளின் ஆச்சிரமமே பலரது நினைவுக்கு வரும். யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே கடனீரேரியின் ஓரத்தில் அமைந்த இவ்வூர், பூநகரிக்குப் படகேறும் துறையாகவும் விளங்கியது. இங்கு வாழ்வோர் இரும்பின் பகைவனை நன்கறிவர். கதவுக் கீல், கிணற்றுக் கப்பி, துவிச்சக்கர வண்டியின் சங்கிலி ஆகிய யாவற்றையும் உப்புக் காற்று அரித்துவிடும். கடலிலிருந்து மீண்ட படகின் இயந்திரத்தை நன்னீரால் கழுவி எண்ணெய் பூசி வைப்பது கடற்றொழிலில் எழுதப்படாத விதி. இதே போராட்டம் ஆகாய விமானத்தின் வரலாற்றிலும் நிகழ்ந்துள்ளது. அங்கே தோல்வியின் விலை மனித உயிராகும்.

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைத் துரு எளிதில் அணுகுவதில்லை. வெப்பமும் எண்ணெய்ப் படலமும் அதனைக் காக்கின்றன. பழுதுபார்ப்பதற்காகத் திறந்து கழற்றும்பொழுதே அது வலுவிழந்து நிற்கின்றது. அழுக்கை நீக்கக் கழுவுகையில் காவலாயிருந்த எண்ணெயும் நீங்கிவிடும். இரவில் குளிரும் உருக்கின்மேல் ஈரம் படியும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 60 வீதத்தைத் தாண்டும்போது துருப்பிடித்தல் விரைவடைகின்றதென வேர்ணன் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் கண்டறிந்தார். உப்புத் துகள் படிந்திருப்பின் அதனினும் குறைந்த ஈரமே போதுமானது. தொழிலாளியின் விரல் வியர்வைகூட மெருகிட்ட உருக்கில் தழும்பை உண்டாக்கும். கடுகளவான குழியொன்று, ஓயாத அதிர்வினால் வெடிப்பாக வளர்ந்து, ஈற்றில் உறுப்பையே முறித்துவிடலாம்.

எரிபொருளும் இத்தீங்குக்குத் துணைபோயிற்று. 1921 இல் அமெரிக்காவில் மிட்ஜ்லி குழுவினர் பெற்றோலில் ஈயச் சேர்மமொன்றைக் கலந்து எஞ்சினின் தட்டலைத் தடுத்தனர். ஈயம் உள்ளே படியாதிருக்கப் புரோமீன் சேர்மமும் கலக்கப்பட்டது. எரிந்தபின் எஞ்சிய கழிவு ஈரத்துடன் கூடியபோது அமிலமாகி, சிலிண்டர்ச் சுவரைத் தின்றது. ஆகவே, பறப்பதற்கு உதவிய பொருளே நின்றிருக்கும் எஞ்சினுக்குப் பகையாயிற்று.

இரண்டாம் உலக யுத்தம் இப்பிரச்சினையை இலங்கையின் வாவிக் கரைக்கே கொண்டுவந்தது. கொக்கல வாவியில் கற்றலீனா எனப்படும் பறக்கும் படகுகள் நிலைகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றிலிருந்தே 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி கனேடிய விமானி பேர்ச்சோல் யப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரிக்கை விடுத்தார். 1943 முதல் 1945 வரை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் கொக்கலவுக்கும் இடையே இத்தகைய விமானங்கள் ஒரு நாளுக்கும் மேலாக இடைவிடாது பறந்தன. அவ்வளவு நேரமும் பயணிகளின் உயிர், பதினான்கு சிலிண்டர்கள் கொண்ட இரண்டு எஞ்சின்களை நம்பியிருந்தது. கீழே இந்து சமுத்திரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

யுத்த காலத்தில் வேரூன்றிய காப்பு முறைகள் எளிமையானவை. ஆயினும் ஒழுங்கு தவறாமையை வேண்டி நின்றவை. கழற்றிய உறுப்பைக் கழுவியவுடன் உலர்த்துதல், தாமதமின்றி எண்ணெய் தோய்த்தல், எண்ணெய்த் தாளிற் சுற்றுதல், திறந்த வாய்களை மூடியிடுதல் என்பன முதற் படிகள். நெடுநாள் நிற்கும் எஞ்சினின் சிலிண்டர்களுள் துருத்தடுப்பு எண்ணெய் தெளிக்கப்பட்டது. அதன்பின் சுழல்தண்டைத் திருப்புதல் ஆகாது. திருப்பினால் பிஸ்டன் அப்படலத்தை வழித்துவிடும். ஸ்பார்க் பிளக் இருந்த துளைகளில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் அடங்கிய அடைப்புகள் செருகப்பட்டன. கோபாற்றுக் குளோரைட்டு ஊட்டிய அம்மணிகள் உலர்ந்திருக்கையில் நீலமாகவும் ஈரமேறியதும் இளஞ்சிவப்பாகவும் தோன்றின. நிறம் மாறியதும் அவற்றை மாற்றுவது கடமையாயிற்று.

யுத்தம் முடிந்தபின் இவ்வறிவு சமாதானத்திற்கும் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்த டக்கோட்டா விமானத்தைச் சுமந்தவையும் கற்றலீனாவின் எஞ்சின் வகையே. இரத்மலானையும் பலாலியும் கடலுக்கு அண்மையில் உள்ளமையால் உப்புக் காற்றிலிருந்து தப்ப வழியிருக்கவில்லை.

பேர்ச்சோலின் பெயர் வரலாற்று நூல்களில் உண்டு. எஞ்சினுக்கு எண்ணெய் பூசியவர்களின் பெயர்கள் அங்கு இல்லை. நிகழ்ந்த விபத்தை ஏடுகள் பதிவு செய்கின்றன. நிகழாது தடுக்கப்பட்ட விபத்தை எவரும் எழுதுவதில்லை. தொழில்நுட்ப வரலாறு எழுதப் புகுவோர் நிரப்பவேண்டிய இடைவெளி இதுவே.

2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னைக்கான வான்வழி மீண்டும் உயிர்பெற்றது. எஞ்சின் வகை மாறிவிட்டது. உப்புக் காற்று மாறவில்லை. கடலோரங்களில் பறக்கும் சுழலி எஞ்சின்களின் உட்புறத்தை நன்னீரால் கழுவி உப்பகற்றும் வழக்கம் இன்றும் உண்டு. கரை சேர்ந்த படகின் இயந்திரத்தின்மேல் வாளி நீரை ஊற்றும் கொழும்புத்துறைக் கடற்றொழிலாளிக்கு அதன் காரணத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.