கோடிக்கரையும் சலீம் அலியும்

சோழமண்டலக் கரை தெற்கு நோக்கி ஓடி, சட்டென்று மேற்கே திரும்பும் முனைதான் கோடிக்கரை. வேதாரண்யத்தையும் நம் மக்கள் வாழும் தோப்புத்துறையையும் கடந்தால் உப்பளங்கள் வரும், பிறகு சேற்றுநிலம், அதையடுத்து ஆண்டு முழுவதும் இலையுதிராத காடு, அப்பால் கடல். நெல்வயல்களுக்கு நடுவே வளர்ந்த நமக்குக் காடு என்றவுடன் மேற்குத் தொடர்ச்சி மலையே நினைவுக்கு வருகிறது. வெளிமான் கூட்டங்கள் மேயும் காடொன்று நம் காவிரிப் படுகையின் விளிம்பிலேயே இருப்பதும், அதைக் காக்க முயன்றவர்களுள் முன்னவர் ஒரு முஸ்லிம் என்பதும் நம் பிள்ளைகள் பலர் அறியாத செய்திகள்.

தஞ்சை மண்ணின் உயிரினங்களை ஆராயும் முயற்சி அவருக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸின் மாணவரான கோனிக், 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து செடிகொடிகளைத் தேடி அலைந்தார். பின்னர் ஆற்காடு நவாப் முஹம்மது அலி அவரைத் தம் இயற்கை ஆய்வாளராகவே அமர்த்திக்கொண்டார். அடுத்த தலைமுறையில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி விலங்குகளையும் பறவைகளையும் ஓவியர்களைக் கொண்டு வரைவித்தார். ஆயினும் கோடிக்கரைக்கு வரும் பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே திரும்பிச் செல்கின்றன என்ற கேள்விக்கு விடை காண இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சலீம் அலி 1896இல் பம்பாயில் பிறந்தவர். பெற்றோரைச் சிறுவயதிலேயே இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தய்யிப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். ஏறத்தாழப் பத்து வயதில், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. ஊரில் காணும் சிட்டுக்குருவி அன்று அது. அப்படியானால் ஒரு முஸ்லிம் இதை உண்ணலாமா என்ற ஐயம் எழுந்தது. மாமாவுக்கும் விடை தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லார்டு அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் கண்டு சொன்னதோடு நில்லாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். சிறுவனின் வாழ்க்கை அன்றே திசைமாறியது.

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் பலரும் துப்பாக்கியைச் சொல்லி, அந்த ஹலால் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. உண்ணலாமா என்று தீர்ப்புச் சொல்ல முதலில் அது இன்ன உயிர் என்று தெரிய வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் தமீரீ, உயிரினங்களை அகர வரிசையில் தொகுத்த ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலில், ஒவ்வொன்றின் இயல்பையும் சொல்லி, உண்பது குறித்த மார்க்கச் சட்டத்தையும் சேர்த்தே எழுதினார். சலீம் அலி பிற்காலத்தில் சமயப் பற்றாளராக வாழ்ந்தவர் அல்லர். அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அவரது முதல் கேள்வி ஒரு முஸ்லிம் வீட்டுக் கேள்வி.

1959இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு, அவர் தலைமையில் வலசைப் பறவை ஆய்வு தொடங்கியது. வலையில் பிடித்த பறவையின் எடையையும் இறகின் நீளத்தையும் குறித்துக்கொண்டு, எண்ணும் கழகத்தின் முகவரியும் பொறித்த மெல்லிய உலோக வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவார்கள். வேறெங்கோ அதைக் காண்பவர் கடிதம் எழுதினால், அதன் பயணம் புலப்படும். கோடிக்கரை இந்த ஆய்வின் முக்கியமான களங்களுள் ஒன்றாயிற்று. சைபீரியச் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் சிறு உள்ளான்கள், கைப்பிடிக்குள் அடங்கும் உடலோடு, ஆயிரக்கணக்கான கல் கடந்து இந்தச் சேற்றுக்கு வருகின்றன.

பறவையைக் காயமின்றிப் பிடிப்பது எளிதன்று. அதற்காகக் கழகம் பீகாரிலிருந்து மீர்ஷிகார்களை அழைத்துக்கொண்டது. அவர்கள் பரம்பரையாகப் பறவை பிடித்து வந்த முஸ்லிம்கள். அலி ஹுசைன் அவர்களுள் புகழ்பெற்றவர். குரலைக் கேட்டும், சேற்றில் பதிந்த தடத்தைப் பார்த்தும் இன்ன பறவை என்று சொல்லிவிடும் அவர்களுடைய கைத்திறனின்றி அறிஞர்களின் ஏடுகள் நிரம்பியிரா. கறிக்கும் கூண்டுக்கும் பறவை பிடித்த கைகள் வளையம் மாட்டும் பணிக்குத் துணைநின்றன.

கோடிக்கரையைக் காக்க வேண்டும் என்று சலீம் அலி வற்புறுத்தியதன் பயனாக, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த இக்காடு 1967இல் சரணாலயமாயிற்று. 2002இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடும் அந்தப் பரப்பில் அடங்கும். கோரையாறும் பாமணியாறும் கொண்டுவரும் நன்னீர் கடல்நீரோடு கலக்கும் இடம் அது. ஆற்றில் நீர் குறைந்தால் உப்பு ஏறும், மீன்குஞ்சும் புழுவும் குறையும், பறவையும் குறையும். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாம் நெல்லுக்காக மட்டுமே விசாரிக்கிறோம். பூநாரைக்கும் அதே நீர்தான். 2018 நவம்பரில் கஜா புயல் காட்டையும் அலையாத்தியையும் ஒருசேர முறித்துப் போட்டது, வெளிமான்களும் மடிந்தன.

புயலைத் தடுக்க நம்மால் இயலாது. நம் கையில் உள்ளது வேறொன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெல்டா ஊர்களில் உள்ளானும் மடையானும் கொக்கும் கறிக்காகக் கைமாறுவதை அறியாதவர் உண்டோ? வாங்குவோரில் நம்மவரும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். முறைப்படி அறுத்ததா என்று கேட்கும் நாம், அது என்ன பறவை, எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. இந்தப் பருவத்தில் பிள்ளைகளை நாகூருக்கோ முத்துப்பேட்டைக்கோ அழைத்துச் செல்லும் குடும்பங்கள் ஒரு காலைப்பொழுதைக் கோடிக்கரைக்கு ஒதுக்கலாம். ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டால், வெயில் ஏறுவதற்குள் சேற்றுநிலத்தில் உள்ளான்கள் இரை தேடுவதைக் காணலாம்.