வாசலில் குடியிருப்போர்

2023ஆம் ஆண்டில் ஒருநாள், உயர்நிலை வகுப்பு மாணவர்களை ‘நான் வாழும் வட்டாரம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஆண்டுதோறும் கொடுக்கும் தலைப்புத்தான். ‘எங்கள் வட்டாரத்தில் நூலகம் உண்டு, நீச்சல் குளம் உண்டு, பேரங்காடி உண்டு’ என்ற வரிகளே எல்லா ஏடுகளிலும் வரும் என்று எண்ணித்தான் திருத்த உட்கார்ந்தேன். ஓர் ஏட்டில் மட்டும் வினைமுற்றுகள் அனைத்தும் இறந்தகாலத்தில் இருந்தன. ‘எங்கள் வீடு மார்சிலிங்கில் இருந்தது. கீழே காப்பிக்கடை இருந்தது. தாத்தா அங்கே நாளிதழ் படித்தார்.’ காலம் மயங்கிவிட்டது என்று சிவப்பு மையால் கோடிட்டு, இரண்டு மதிப்பெண்ணையும் குறைத்தேன்.

மறுவாரம் அந்த மாணவன் ஏட்டோடு வந்து நின்றான்.

“ஐயா, இது தப்பில்லைங்க. வீட்டை எடுக்கப் போறாங்க.”

“இப்போது எங்கே குடியிருக்கிறாய், தம்பி?”

“இப்பவும் அங்கதாங்க ஐயா.”

அவன் குடியிருந்தது மார்சிலிங் கிரசெண்ட், மார்சிலிங் லேன் பகுதியில் உள்ள 210 முதல் 218 வரையிலான ஒன்பது புளோக்குகளில் ஒன்று. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியின் விரிவாக்கத்திற்காக அவை கையகப்படுத்தப்படும் என்று 2022 மே மாதத்தில் அரசு அறிவித்திருந்தது. 732 வீடுகள், அவற்றோடு கடைகளும் சந்தைக் கடைகளும். செய்தி வந்த நாளில் நானும் நாளிதழில் படித்தேன், பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக உட்லண்ட்ஸில் குடியிருப்பவன் நான். ஆயினும் அந்தச் செய்தியின் பின்னால் இருந்த வரலாற்றை, ஒரு பிள்ளையின் வினைமுற்று வந்து சுட்டிக்காட்டிய பிறகே தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். சற்றே நீளும்; பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

உட்லண்ட்ஸ் என்ற பெயரைச் சொன்னவுடன், மீனவக் கிராமமாக இருந்து புதுநகராக மலர்ந்த ஊர் என்றே பலரும் தொடங்குவர். அது அரைகுறை உண்மை. இவ்வூர் முதலில் ஒரு வாசலாகவே வரலாற்றில் நுழைகிறது. 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து புறப்பட்ட ரயில் பாதை தீவைக் குறுக்கே கடந்து இங்கு வந்து முடிந்தது. வந்தவர்கள் இறங்கி, படகேறி, நீரிணையைக் கடந்து ஜோகூர் பாருவில் கரையேறினர். நம்மவர்க்கு விளங்கும்படி சொல்வதானால், 1914இல் தனுஷ்கோடியும் தலைமன்னாரும் எந்த முறையில் இணைக்கப்பட்டனவோ, அதே முறை. இங்கே ரயில், நடுவே படகு, அங்கே ரயில். வேறுபாடு அதற்குப் பிறகு நேர்ந்ததில்தான் உள்ளது. தனுஷ்கோடிக்கு அப்பால் பாலம் கட்டும் பேச்சு பேச்சாகவே நின்றது. 1964 டிசம்பர்ப் புயலில் ஊரே அழிந்தது. உட்லண்ட்ஸுக்கோ பாலம் வந்தது. ஊர் பிழைத்ததும் அதனால்தான். ஊரின் தொல்லை தொடங்கியதும் அதனால்தான்.

மலாயாவின் ரப்பரும் ஈயமும் சிங்கப்பூர்த் துறைமுகத்தை நோக்கிப் பெருகியபோது, ரயில் பெட்டிகளைப் படகிலேற்றி இறக்கும் வேலை தாங்க முடியாத தாமதமாயிற்று. எனவே கடற்பாலம் கட்டுவதென முடிவாயிற்று. 1919இல் பணி தொடங்கி, 1920 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினர். புலாவ் ஊபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் வெட்டிய கருங்கல்லைக் கடலில் கொட்டிக் கொட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்திற்குக் கரை எழுப்பினார்கள். (நாம் பாலம் என்கிறோமே தவிர, அது உண்மையில் அணை. அடியில் நீர் ஓடுவதில்லை.) இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் உழைத்தனர். செலவு ஒரு கோடியே எழுபது இலட்சம் நீரிணை வெள்ளி. 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும் அக்டோபர் முதல் நாளில் பயணிகள் ரயிலும் ஓடத் தொடங்கின. அதிகாரபூர்வத் திறப்பு விழா 1924 ஜூன் 28 அன்று நடந்தது. ஆளுநர் கில்லமார்டின் பெயரும் சுல்தான் இப்ராகிமின் பெயரும் ஏடுகளில் உள்ளன. கல் சுமந்த இரண்டாயிரம் பேரின் பெயர்களைத் தேடி நான் நூலகத்தில் பல மாலைகள் செலவிட்டேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த அணையை 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினரே வெடிவைத்து உடைத்தனர். அதன்மீது ஜோகூரிலிருந்து குடிநீர் கொண்டுவந்த குழாயும் உடன் உடைந்தது. ஜப்பானியர் வேறு வழியாகக் கடலைக் கடந்து வந்து, பின்னர் உடைப்பையும் சீர்செய்துகொண்டார்கள்.

போர் முடிந்தது, 1965இல் நாடு பிரிந்தது. 1967இல் இரு கரைகளிலும் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. அதுவரை சாலையாக இருந்தது எல்லையாயிற்று. என் கருத்தில், இன்றைய உட்லண்ட்ஸின் பிறந்த ஆண்டு 1967தான். புதுநகர் எழும்பத் தொடங்கிய 1970கள் அல்ல. சாலைக்கு இவ்வளவு அகலம் என்றோர் அளவு உண்டு. சோதனைச் சாவடிக்கு அப்படி அளவில்லை. வரிசை நீள நீள அதுவும் நீள வேண்டும், அகல வேண்டும்.

புதுநகரின் தொடக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மார்சிலிங் என்னும் பெயர், ரப்பரிலும் அன்னாசியிலும் செல்வம் ஈட்டிய லிம் நீ சூன் தம் மூதாதையர் ஊரின் நினைவாக வைத்ததாகும். இப்பகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970களின் தொடக்கத்தில் கட்டுமானத்தைத் தொடங்கியது. அதே காலத்தில்தான் அண்டையிலிருந்த செம்பவாங் கடற்படைத் தளத்தை விட்டுப் பிரிட்டிஷார் வெளியேறினர் (1971). பிரிட்டிஷ் தளங்கள் அன்றைய சிங்கப்பூர்ப் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அவற்றை நம்பிப் பிழைத்தவர்களில் தமிழரும் மலையாளிகளும் கணிசமானோர். தளம் கப்பல் பட்டறையாக மாறியது. பலருக்கு வேலை மிஞ்சியது. தளத்தின் குடியிருப்பில் வாழ்ந்தவர்களோ காலப்போக்கில் வேறிடம் பார்க்க வேண்டியதாயிற்று. என் மாணவனின் தாத்தா அப்படி வந்தவர். அன்று இங்கு வரப் பலரும் தயங்கினார்களாம். பேருந்து ஏறினால் நகரத்துக்குப் போய்ச்சேர முக்கால் நாள் ஆகும் என்று அவர் நகைச்சுவையாகச் சொன்னார். அவ்வளவு ஆகாது, ஆனால் தேக்காவுக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் கழிந்துவிடும் என்பது உண்மை.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். சோதனைச் சாவடியை விரிவாக்குவதற்காக உட்லண்ட்ஸில் குடியிருப்போர் இடம்பெயர்வது 2022இல் முதன்முறை அன்று. நான் அறிந்தவரை மூன்றாம் முறை.

முதலாவது, கம்போங் லோரோங் பாத்திமா. கடற்பாலத்தை ஒட்டி, நீரின்மேல் கால்நட்டு நின்ற மலாய் மீனவர் வீடுகள். தீவின் கடைசிக் கம்பங்களுள் ஒன்று. 1989இல் அங்கிருந்தோர் வெளியேறினர். சாவடியின் விரிவாக்கத்திற்கு அந்த இடம் தேவைப்பட்டது. அவர்களில் பலர் அருகிலிருந்த அடுக்குமாடிகளிலேயே குடியேறினர். பின்னர் 1999இல், கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில் இன்றைய சோதனைச் சாவடி திறக்கப்பட்டது.

இரண்டாவது, பழைய உட்லண்ட்ஸ் நகர மையம். 1980ஐ ஒட்டி எழுந்தது. நான் குடிவந்த காலத்தில், அதாவது 1990களின் பிற்பகுதியில், அங்கே கால் வைக்க இடமிருக்காது. ஜோகூருக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் இறங்கி ஏறும் இடம் அது. உணவங்காடி நிலையத்தில் இருபுறத்து மக்களும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பார்கள். நாணயம் மாற்றும் கடைகளில் தமிழ்க் குரல் கேட்கும். அதற்குள்ளேயே ஊரின் நடுப்புள்ளி நகரத் தொடங்கிவிட்டது. 1991ஆம் ஆண்டின் கருத்துருத் திட்டம் உட்லண்ட்ஸை வட்டார மையங்களுள் ஒன்றாகக் குறித்தது. 1996 பிப்ரவரியில் எம்ஆர்டி ரயில் வந்தது. 1998இல் காஸ்வே பாயிண்ட் பேரங்காடி, 1999இல் வட்டார நூலகம். சுற்றிலும் கல்விக்கூடங்கள் முளைத்தன. 2004இல் விளையாட்டுப் பள்ளி, 2006இல் ஃபுமிஹிகோ மாக்கி வடிவமைத்த ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியின் வளாகம். உட்லண்ட்ஸ் கல்லூரி நகரமாகிவிட்டது என்று நாங்கள் பெருமை பேசிக்கொண்டோம். (2005இல் தொடங்கிய இன்னோவா தொடக்கக்கல்லூரி, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததால் 2019இல் ஈசூன் தொடக்கக்கல்லூரியோடு இணைக்கப்பட்டது. பதினான்கே ஆண்டுகள். எங்கள் பெருமையின் ஆயுளும் ஏறத்தாழ அவ்வளவே.)

பழைய நகர மையம் இவ்வாறு ஓரமாகிப்போன நிலையில், 2012இல் அதன் மூன்று புளோக்குகளும் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் எடுக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. சில ஆண்டுகளில் கடைகள் காலியாயின. பின்னர்க் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அந்த நிலமும் சாவடியின் விரிவாக்கத்திற்கே சென்றது.

மூன்றாவதுதான் மார்சிலிங்கின் ஒன்பது புளோக்குகள். கம்பத்திலிருந்து கிளம்பியவர்கள் வந்து சேர்ந்த அதே மார்சிலிங். சாவடி, தான் ஒருமுறை நகர்த்தியவர்களின் அண்டை அயலுக்கே முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்து நின்றது.

அரசின் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு மூன்று இலட்சம் பேர் அளவில் கடக்கும் எல்லை அது. 2050வாக்கில் அது நான்கு இலட்சமாகும் என்பது கணிப்பு. பண்டிகைக் கால வரிசையில் கைக்குழந்தையோடு நின்றவர்க்கு விரிவாக்கம் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. நானும் நின்றிருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன். பறிகொடுத்தவர்கள் வெறுங்கையோடு அனுப்பப்படவுமில்லை. 1966ஆம் ஆண்டு நிலக் கையகச் சட்டத்தின் பழைய முறையில் இழப்பீடு சந்தை விலையை விடக் குறைவாக இருந்தது உண்டு; 2007இல் சந்தை விலையே அடிப்படை எனத் திருத்தம் வந்தது. மார்சிலிங்வாசிகளுக்கு உட்லண்ட்ஸ் தெரு 13இல் 99 ஆண்டுக் குத்தகையுள்ள புது வீடுகளும் அறிவிக்கப்பட்டன. கணக்குப் போட்டால் சிலருக்கு இலாபமே.

ஆனால் அக்கணக்கில் ஏறாத ஒன்று உண்டு. ஒரே தளத்தில் நாற்பது ஆண்டு வாழ்ந்த மூதாட்டிக்கு, இடப்புறத்து வீட்டார் யார் என்பதே ஊர். காப்பிக்கடையில் ‘தே ஓ கோசோங்’ என்று கேட்காமலே கொண்டுவந்து வைப்பவர் யார் என்பதே முகவரி. புதிய புளோக்கில் அந்த வரிசை கலைந்துபோகும். திட்டமிடுவோர் இதை அறியாதவர்கள் அல்லர். சேர்ந்தே வீடு தெரிவுசெய்யும் ஏற்பாடுகள்கூட இத்தகைய திட்டங்களில் உண்டு. இருப்பினும், அறிவிப்பு வந்த நாளுக்கும் சாவி திருப்பிக் கொடுக்கும் நாளுக்கும் இடையில் பல ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் மக்கள் வாழ்வது எந்தக் காலத்தில்? நிகழ்காலம் என்று இலக்கணம் சொல்லும். என் மாணவன் அப்படி நினைக்கவில்லை.

இதற்கிடையே வாசல் கடலின் வேறொரு பக்கமும் திறந்துகொண்டிருந்தது. 2020 ஜனவரியில் உட்லண்ட்ஸ் நார்த் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகர் வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் விரைவு ரயிலுக்கான ஒப்பந்தம், அவ்வாண்டு ஜூலை 30 அன்று கடற்பாலத்தின் மீதே கையெழுத்தானது. அன்று அந்தச் சாலை ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது. பெருந்தொற்றினால் மார்ச் மாதமே எல்லை மூடப்பட்டிருந்தது. முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரலில்தான். ஒப்பந்தத்தில் குறித்த கெடு 2026ஆம் ஆண்டின் இறுதி. புதிய ரயில் ஓடத் தொடங்கி ஆறு மாதத்திற்குள், கடற்பாலத்தின் மீதான பழைய ரயில் சேவை நிறுத்தப்படும் என்பதும் ஏற்பாடு. 1923இல் கல்லைக் கொட்டிக் கடலைத் தூர்த்ததே ரயிலுக்காக என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இக்கட்டுமானங்களில் உழைப்போரில் தமிழகத்துப் பிள்ளைகள் பலர். 2020 ஏப்ரலில் தங்கும் விடுதிகளில் தொற்று பரவியபோது தீவெங்கும் கட்டுமானம் நின்றுபோனது. ரயில் பாதையின் அடுத்த கட்டமும் 2021 ஆகஸ்டுக்குத் தள்ளிப்போயிற்று. அப்போதுதான் பலர்க்கு அந்தப் பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள். உட்லண்ட்ஸ் பேருந்து முனையத்தில் புதுக்கோட்டை இளைஞர் ஒருவரோடு ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். நிலையத்தின் பெயர் என்ன வைத்திருக்கிறார்கள் என்று அவர் என்னிடம் கேட்டார். இரண்டு ஆண்டு அங்கே வேலை செய்தவர். திறந்த பிறகு உள்ளே போகவில்லை.

மாணவனின் கதையை முடிக்காமல் விட்டேன். குறைத்த இரண்டு மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுத்தேன். கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன்: தாத்தாவைக் கேட்டு, அவர் சிங்கப்பூரில் வாழ்ந்த முகவரிகளையெல்லாம் எழுதி வா என்று. மறுவாரம் கொண்டுவந்தான். கடற்படைத் தளக் குடியிருப்பு, செம்பவாங்கில் ஒரு வாடகை அறை, மார்சிலிங். மூன்றும் வரிசையாக, தாத்தாவின் பழைய எழுத்தில், ‘லை’க்குத் துதிக்கை வைத்து எழுதப்பட்டிருந்தன. நான்கு என்று எண்ணிட்டு, அதன் எதிரே ‘உட்லண்ட்ஸ் தெரு 13’ என்று பேரன் எழுதியிருந்தான். புளோக் எண்ணுக்கு இடம் விட்டிருந்தான்.