மீதி ஒன்று: கணக்குப் பொறிகளைத் திணறடித்த ஓர் இலக்கம்

ஏழும் எட்டும் பதினைந்து. ஐந்தைப் போட்டு மீதி 1. சிறுவயதில் விரல் மடக்கிப் பத்தாமிடத்துக்குக் கொண்டுபோன அந்த 1-ஐப் பாடநூல்கள் இனமாற்றம் என்கின்றன. மணிச்சட்டத்தில் அந்த வேலையைக் கை செய்துவிடுகிறது. சக்கரங்களிடம் அதை ஒப்படைக்கப் பார்த்தபோதுதான் தொல்லை தொடங்கியது. கணிப்பொறி வரலாற்றை நினைவகம், நிரல் என்று எழுதுவது வழக்கம். என் கணிப்பில், முந்நூறு ஆண்டுகளாகப் பொறி செய்தவர்களைப் படாதபாடு படுத்தியது இந்த மீதி 1.

டூபிங்கன் பேராசிரியர் வில்ஹெல்ம் ஷிக்கார்ட் 1623-இல் வானியலாளர் கெப்ளருக்கு எழுதிய கடிதத்தில் ஆறிலக்கப் பொறி ஒன்றை விவரித்தார். கெப்ளருக்காகச் செய்துகொண்டிருந்த பொறி தீக்கிரையானதை அடுத்த ஆண்டு தெரிவித்தார். அதில் ஒரு சக்கரம் முழுச்சுற்று சுற்றியதும் ஒற்றைப் பல் ஒன்று பக்கத்துச் சக்கரத்தை ஒரு படி நகர்த்தும். 99,999-உடன் 1-ஐக் கூட்டினால் ஆறு சக்கரங்களும் ஒருசேர நகர வேண்டும். அத்தனை சுமையும் முதல் சக்கரத்தைச் சுழற்றும் கையின் மேலும் சிறு பற்களின் மேலும் விழும்.

பிளேஸ் பாஸ்கல் இதற்குக் கண்ட வழி என்னை இன்றும் வியக்கவைக்கிறது. ரூவான் நகரில் வரிக்கணக்கோடு மல்லாடிய தந்தைக்காக 1642-இல், 19 வயதில், வேலையைத் தொடங்கினார். சக்கரம் 9-ஐ நோக்கிச் சுழலச் சுழல, எடைகொண்ட ஒரு நெம்புகோல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். 9 தாண்டி 0 வந்ததும் அது பிடிவிட்டுப் பொத்தென்று விழும். விழுகிற வேகத்தில் அடுத்த சக்கரத்தை ஒரு படி உதைத்துத் தள்ளும். தள்ளுவதற்கான வலுவை விரல் அந்த நொடியில் தர வேண்டியதில்லை. அது முன்பே ஏறிய எடையில் சேர்ந்திருக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: சக்கரங்கள் பின்னோக்கிச் சுழலா. ஆகவே கழித்தலை, எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் 9-இலிருந்து கழித்துக் கிடைக்கும் நிரப்பெண்ணைக் கொண்டு, கூட்டலாகவே செய்ய வேண்டியிருந்தது. இன்றைய கணிப்பொறிகளும் இரும எண்களில் இதே உத்தியைத்தான் கையாளுகின்றன.

லைப்னிட்ஸ் பெருக்கலுக்குப் படிப்பல் உருளையைக் கண்டுபிடித்தார், மீதியிடம் தோற்றார். ஹனோவரில் எஞ்சியிருக்கும் அவருடைய பொறியில் மீதி தொடர்ந்து வழிந்தால் ஐங்கோணத் தகடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கையால் தள்ளிவிட வேண்டும்!

சார்லஸ் பாபேஜ் 1847-49-இல் வரைந்த இரண்டாம் வேறுபாட்டுப் பொறியில் ஒவ்வோர் எண்ணுக்கும் 31 இலக்கங்கள். அதில் கூட்டல் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் எல்லா இடங்களும் கூட்டிக்கொள்ளும். மீதி உள்ள இடங்களில் ஒரு நெம்புகோல் 'இங்கே பாக்கி' என்று அடையாளம் வைக்கும். பிறகு திருகுபோல் அடுக்கிய கைகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அந்தப் பாக்கியைத் தீர்க்கும். லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் இதைக் கட்டி ஓட்டிக் காட்டியது. ஆனால் அவர் திட்டமிட்ட இன்னொரு பொறியான பகுப்பாய்வுப் பொறிக்கு இந்த வேகம் போதாது. அதற்கெனப் பாபேஜ் வகுத்த முறையில், 9-இல் நிற்கும் சக்கரங்கள் சங்கிலிபோல் இணைந்துகொள்ள, எல்லா இடத்து மீதியும் ஒரே அசைவில் கடந்துவிடும். அந்தப் பொறி முழுமையாகக் கட்டப்படவே இல்லை.

வெற்றிடக் குழாய்கள் வந்தும் சிக்கல் தீரவில்லை. பிலடெல்பியாவில் 1946-இல் அறிமுகமான எனியாக் கணிப்பொறி, பத்திலக்க எண்களை 0.2 மில்லிநொடியில் கூட்டியது. அங்கும் மீதியைத் தனியொரு மின்சுற்று நினைவில் வைத்துப் பிறகுதான் அடுத்த இடத்துக்கு அனுப்பியது. 1950-களில் வந்த முன்னோக்குக் கூட்டிகள் இன்னொன்று செய்தன: எந்த இடம் மீதியைப் பிறப்பிக்கும், எந்த இடம் வந்த மீதியைக் கடத்திவிடும் என்று முதலிலேயே கணித்துக்கொண்டன. பாபேஜின் சங்கிலியில் மீதியைக் கடத்திய 9-இன் வேலையை இங்கே, இரண்டில் ஒன்று மட்டும் 1-ஆக உள்ள இரும இலக்கச் சோடி செய்கிறது.