தலைமையாசிரியர் கேட்ட மன்னிப்பு



ஒரு சிறுவன், "நான் பொய் சொல்லவில்லை" என்கிறான். பெரியவர் ஒருவர் அதை மறுத்துப் பேசுகிறார். நீங்கள் யாருடைய வார்த்தையை நம்புவீர்கள்? இந்த வாரம் இக்கேள்வியை இங்கிலாந்தின் பழமையான பள்ளி ஒன்றின் வரலாற்றோடு சேர்த்துத் தியானிப்போம்.

வார்விக்ஷயர் பகுதியிலுள்ள ரக்பி என்னும் ஊரில், லாரன்ஸ் ஷெரிஃப் என்ற மளிகை வணிகர் 1567-ல் எழுதிவைத்த உயிலினால் உண்டான பள்ளி அது. முதலாம் எலிசபெத் அரசியாரின் அரண்மனைக்குப் பொருள்கள் வழங்கியவர் அவர். உள்ளூர்ச் சிறுவர்களுக்கென்று தொடங்கிய அப்பள்ளி, காலப்போக்கில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் பயிலும் பெரும் பள்ளியாயிற்று. ரக்பி என்ற விளையாட்டுக்குப் பெயர் கொடுத்ததும் இப்பள்ளியே.

அக்காலத்தில் இத்தகைய பள்ளிகளின் உள்வாழ்க்கை கடுமையானது. சிறிய மாணவர்கள் மூத்த மாணவர்களுக்கு ஏவல் செய்யவேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இடையே இருந்தது பெரும்பாலும் பகையே. 1797-ல் ரக்பி மாணவர்கள் கலகம் செய்து, தலைமையாசிரியரின் அறைக் கதவை வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். அவர்களை அடக்கப் போர்வீரர்களை அழைக்க நேர்ந்தது.

இப்படிப்பட்ட பள்ளிக்கு 1828-ல் தாமஸ் ஆர்னால்டு தலைமையாசிரியராக வந்தார். குருப்பட்டம் பெற்றவர், அப்பொழுது அவருக்கு வயது 33. மாணவனிடம் அவர் முதலாவது எதிர்பார்த்தது பக்தியும் நல்லொழுக்கமும், அடுத்தது கண்ணியமான நடத்தை, அறிவுத்திறன் மூன்றாவதே. பள்ளி ஆலயத்தின் குருப்பணி 1831-ல் காலியானபோது, அதற்குரிய சம்பளம் வேண்டாமென்று சொல்லி அப்பொறுப்பைத் தாமே ஏற்றார். ஞாயிறுதோறும் மாணவர்களுக்கு அவரே பிரசங்கித்தார். மூத்த வகுப்பு மாணவர்களைத் தம் உடன் ஊழியர்களாக நடத்தி, பள்ளியின் ஒழுங்கை அவர்களிடம் ஒப்புவித்தார்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. மாணவன் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே நம்புவார். தன் சொல்லை மெய்ப்பிக்க அவன் மேலும் பேச முற்பட்டால், அது தேவையில்லை, உன் வார்த்தையே போதும் என்று தடுத்துவிடுவார். இதனால், நம்மை நம்புகிறவரிடம் பொய் சொல்வது வெட்கக்கேடு என்னும் எண்ணம் மாணவர்களிடையே வளர்ந்தது. அடித்துப் பெற முடியாத உண்மையை, நம்பிக்கை பெற்றுத் தந்தது.

ஆயினும் 1832-ல் அவரே அந்த வழியைவிட்டு விலகிய நாள் ஒன்று வந்தது. பாடத்தில் ஒரு பகுதியைக் குறித்து அவர் கேட்டபோது, எங்கள் வகுப்பு அதுவரை படிக்கவில்லை என்றான் ஒரு மாணவன். வகுப்பாசிரியரோ, படித்தாயிற்று என்று உறுதியாகச் சொன்னார். ஆர்னால்டு ஆசிரியரை நம்பினார். பொய்யைப் போல் அவர் வெறுத்த குற்றம் வேறில்லை. கோபம் மூண்டு, உடல்நலம் குன்றிய அந்தச் சிறுவனுக்கு 18 அடிகள் கொடுத்தார். பின்னர் விசாரித்தபோது, சிறுவன் சொன்னதே உண்மை என்றும், தவறியவர் ஆசிரியரே என்றும் தெரியவந்தது.

ஆர்னால்டு தம் தவறை மறைக்கவில்லை. பள்ளியார் முன்னிலையில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். செய்தித்தாள்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. அந்தத் தாக்குதலில் நியாயமும் இருந்தது. மன்னிப்பினால் அந்தப் பிள்ளையின் முதுகில் விழுந்த அடிகள் இல்லாமற்போகவில்லை. இருந்தாலும், தலைமையாசிரியரும் தவறு செய்வார், செய்தால் அறிக்கையிடவேண்டும் என்பதை அன்று மாணவர்கள் கண்டார்கள்.

பிரியமானவர்களே, இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. எதிர்ச்சாட்சி இல்லாதபோது சிறியவனை நம்புவது கடினமன்று. பெரியவர் ஒருவரின் சொல் அவனுக்கு எதிராக நிற்கும்போதுதான் நம்முடைய நீதி சோதிக்கப்படுகிறது. அவ்வேளையில் பிள்ளைகளை நம்புவதில் பேர்பெற்றவரே இடறினார். விசாரிக்கும் முன்னே தீர்ப்புச் சொல்வது மதியீனம் என்று நீதிமொழிகள் 18-ஆம் அதிகாரம் நம்மை எச்சரிக்கிறது அல்லவா?

1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் ஆசாரியனாகிய ஏலியை நினைத்துப் பாருங்கள். சத்தமின்றி ஜெபித்துக்கொண்டிருந்த அன்னாளின் உதடுகள் அசைவதைக் கண்டு, அவள் வெறித்திருக்கிறாள் என்று கடிந்துகொண்டார். ஆனால் அவள் தன் மனக்கிலேசத்தைச் சொன்னவுடனே, தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, சமாதானம் கூறி அனுப்பினார். ஊழியத்தில் முதிர்ந்தவரும் தவறாகக் கணிப்பதுண்டு. அதைத் திருத்திக்கொள்ள அவர் தயங்காததே நமக்குப் பாடம்.

தகப்பன்மாரே, தாய்மாரே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, நம்மில் எத்தனைபேர் பிள்ளையிடம் "நான் செய்தது தவறு, என்னை மன்னித்துக்கொள்" என்று சொல்லியிருக்கிறோம்? சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். சபையில் ஒருவரின் புகாரை மட்டும் கேட்டு மற்றவரைக் குறித்து முடிவுசெய்யும் சோதனை, ஆயராகிய எனக்கும் உண்டு. ஆர்னால்டு அதன்பின்பும் பத்து ஆண்டுகள், 1842-ல் மரிக்கும்வரை, அப்பள்ளியை நடத்தினார். மன்னிப்புக் கேட்டதனால் அவர் அதிகாரம் அழிந்துபோகவில்லை.

இந்த வாரத்தில், நாம் அநியாயமாய்க் கடிந்துகொண்ட ஒரு பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தால், தாமதிக்கவேண்டாம். அந்தப் பிள்ளை இப்பொழுது வளர்ந்து பெரியவனாகியிருந்தாலும் சரி, அவனிடம் போய்ப் பேசுங்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடும்படி யாக்கோபு அப்போஸ்தலன் சொன்னது சிறியவர்களுக்கு மட்டுமன்று.

ஜெபம்: நீதியுள்ள ஆண்டவரே, சிறியோரின் சொல்லைப் பொறுமையோடு கேட்கும் செவியையும், தவறியபோது அவர்கள் முன் தாழ்ந்து நிற்கும் இருதயத்தையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.