உடலுக்கேற்ற உடையும் மலையகத்துக் கம்பளியும்

நான் பணியாற்றிய பத்திரிகைகளில் மகளிர் பக்கம் தயாராகும்போது தவறாமல் வந்து சேரும் கட்டுரை ஒன்று உண்டு. குள்ளமானவர்கள் அகலக் கரைச் சேலையைத் தவிர்க்க வேண்டும், பருத்த உடல்வாகினருக்குக் கருநிறமும் நெடுக்குக் கோடுகளும் எடுப்பாக இருக்கும், ஒல்லியானவர்களுக்கு விறைப்பான பருத்திச் சேலையே பொருந்தும் என்றெல்லாம் அது சொல்லும். பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பிவிடுவேன். ஆனால் 'உடலுக்கேற்ற உடை' என்ற சொற்றொடரைக் காணும்போதெல்லாம் என் நினைவு ஹட்டன், நுவரெலியா மலைகளுக்கே போகும். தனக்கு எது பொருந்தும் என்று தானே தீர்மானிக்கும் வாய்ப்பு அங்குள்ள நம் மக்களுக்கு எத்தனை அரிதாகக் கிடைத்தது என்பது, மலையக வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம்.

1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. அதன்பின் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிப் புறப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். அவர்கள் உடுத்தி வந்தது வெயில் காயும் சமவெளிக்கு உரிய பருத்தித் துணி. நுவரெலியாவோ கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பது. தை, மாசி மாதங்களில் சில விடியல்களில் உறைபனியும் விழும். ஆகவே தோட்டங்கள் கம்பளி கொடுத்தன. தோட்டத் துரைமாரின் ஆங்கில ஏடுகளிலும் 'கம்ப்ளி' என்றே அது பதிவாயிற்று.

அந்தக் கம்பளி இலவசமன்று. பயணச் செலவு, அரிசி ஆகியவற்றோடு அதன் விலையும் தொழிலாளியின் பற்றுக் கணக்கில் ஏறியது. கடன் தீராதவர் தோட்டம் மாற வேண்டுமானால் கடன் தொகையை எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைச் செலுத்தியாக வேண்டும். 1921இல்தான் இந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. குளிரைத் தாங்கப் போர்த்திய துணியே ஆளைத் தோட்டத்தோடு கட்டும் கயிற்றில் ஓர் இழையாகவும் இருந்தது. கம்பளிக்கு உடலளவு ஏது? உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் அதே போர்வைதான். மழையில் அதை மடித்துத் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. இரவில் லயத்துத் தரையில் விரித்தால் பாய்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலை நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவை. அந்த வேலை பெண்களிடம் வந்தது. அவர்களின் உடையைத் தேயிலைச் செடியே தீர்மானித்தது.

மலைச்சரிவில் வேலை செய்யும் பெண்ணை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சேலையை முழங்கால் அளவுக்கு உயர்த்திச் செருகுவார்கள். கவாத்து வெட்டிய கிளைகள் கிழிக்காமலும், பனி நனைந்த செடி உடம்பை நனைக்காமலும் இருக்க இடுப்பிலிருந்து கீழே தடித்த படங்கைச் சுற்றிக் கட்டுவார்கள். ரவிக்கைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்று. கூடையின் கயிறு நெற்றிப்பொட்டை அழுத்தாதிருக்கத் தலையில் மடித்த துணி. அட்டைக்கடிக்கு மாற்றாகக் காலில் சவர்க்காரம். இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அழகுக்கென்று எதுவும் இல்லை. கம்பளியின் இடத்தைப் பின்னாளில் பொலித்தீன் விரிப்புப் பிடித்துக்கொண்டது, அவ்வளவே.

உலகம் அறிந்த கொழுந்துக்காரி இவளல்லள். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் முதல் விளம்பரத்தின் வலிமையை அறிந்த வணிகர்கள் பலர். தேயிலைப் பெட்டியிலும் அஞ்சலட்டையிலும் சுற்றுலாச் சுவரொட்டியிலும் நாம் காண்பவள், கசங்காத வண்ணச் சேலையும் மூக்குத்தியும் அணிந்து புன்னகைப்பவள். படங்கு இல்லை, கிழிந்த சட்டை இல்லை. அவளுக்குப் பொருத்தமான உடையை வாங்குபவரின் கண் தேர்ந்தெடுத்தது.

அப்படியானால் அவள் தானாகத் தேர்ந்தது எதை? இதற்கு விடை தேடும்போது துணி வியாபாரியின் மூட்டை நினைவுக்கு வருகிறது. வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது குற்றமாகக் கருதப்பட்ட காலத்திலும், புடவை மூட்டை சுமந்து வந்தவருக்கு லயத்து வாசல் திறந்தது. எங்கள் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான கோ. நடேசய்யர் இதை நன்கு புரிந்துகொண்டவர். தஞ்சாவூரிலிருந்து வந்த அவர், 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையை நேரில் கண்டார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' இதழ்களை நடத்தினார். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் வாசலில் ஒரு புடவை மூட்டை இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பெண்கள் ஆசையோடு விரித்துப் பார்த்த பொருள் அது என்பதால்தான் அந்த வேடம் பலித்தது.

அடுத்த தலைமுறையின் கதை வேறு. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் நாடெங்கும் 200 ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டத்தை ஜனாதிபதி பிரேமதாச தொடங்கினார். கொழுந்துக் கூடையைச் சுமக்க விரும்பாத மகள்மார் பலர் 'கார்மண்ட்' வேலைக்கு இறங்கினார்கள். இன்று தேயிலையைவிட ஆடையே நாட்டுக்கு அதிக அந்நியச் செலாவணி ஈட்டுகிறது. ஒரே அளவுக் கம்பளியைப் போர்த்தியவர்களின் கொள்ளுப்பேத்திகள், முன்பின் காணாத அயல்நாட்டுப் பெண்களின் மார்பளவுக்கும் இடையளவுக்கும் அங்குலம் பிசகாமல் தைத்துக் கொடுக்கிறார்கள். உடலுக்கேற்ற உடை என்னும் கலையை அவர்களைவிட நுட்பமாக அறிந்தவர் யார்?

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடைக்குள் நின்றிருந்தேன். நடுவயதுத் தாயொருவர் அரக்கு நிறச் சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இந்தக் கலரு எனக்கு எடுப்பா இருக்கா புள்ள?" என்று மகளைக் கேட்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா கரை ரொம்ப அகலம். நீ குட்டையா தெரியுற."

தாய் சிரித்துவிட்டு வேறொன்றை எடுத்தார். தோட்டத்தில் கொடுத்த தீபாவளி முற்பணம் அவர் கைப்பையில் இருந்தது. அது மாதந்தோறும் சம்பளத்தில் வெட்டப்படும் கடன். கம்பளிக் கணக்கு முழுவதும் மறையவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆயினும் துரையோ கங்காணியோ அந்தக் கண்ணாடி முன் நிற்கவில்லை. ஏறக்குறைய கால் மணி நேரம் அவர் தேர்ந்தெடுத்தார். கடைக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார். ஊர் திரும்பிய பின் மகளிர் பக்கத்துக் கட்டுரைகளை நான் அவசரமாகப் புரட்டுவதில்லை.