சேரி வீட்டில் குணமான நோய்



அண்ணலின் நினைவுநாளில், சேலம் அஸ்தம்பட்டியில் கூடியிருந்துகொண்டு சென்னை சேத்துப்பட்டில் நடந்த ஒரு மருத்துவ ஆய்வைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று இளைய தோழர்கள் கேட்கலாம். அஸ்தம்பட்டி இம்மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்று. விடியும் முன்பே இதன் தெருக்களைக் கூட்டி, சாக்கடை அள்ளி, குப்பை வண்டி தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் நம்முடைய ஆட்கள். அவர்களில் ஒருவருக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் என்ன நடக்கிறது? "சளிதான்" என்று சொல்லி மறைக்கிறோம். தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்கிறோம். தனிக்குவளை என்றால் என்னவென்று பரம்பரையாகத் தெரிந்த நாமே, நம் வீட்டு நோயாளிக்குத் தனிக்குவளை வைக்கிறோம். அந்தப் பயத்துக்குப் பதில் சொன்ன ஒரு வரலாறு இருக்கிறது. அதை நாம் அறிய வேண்டும்.

அண்ணல் மறைந்த அதே 1956இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். காசநோய்க்கு அதுவரை பெரிய மருந்தாகக் கருதப்பட்டது சானடோரியம். நல்ல காற்று, படுக்கை ஓய்வு, பால், முட்டை. தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயரில் இன்றும் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கை எங்கே? படுக்கை கிடைத்தாலும், கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் குடும்பத்தில் ஒருவர் ஓராண்டு படுத்திருக்க முடியுமா?

டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மறு பாதியினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தார்கள். ஐசோனியசிட், பாஸ் என்ற அதே மருந்துகள் இருவருக்கும் ஓராண்டு தரப்பட்டன. மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள்.

1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்துணவும் குறைவு, ஓய்வும் குறைவு. எடை கூடியதும் சானடோரியத்தில்தான் அதிகம். ஆனாலும் மருந்து வேலை செய்தது. இன்னொரு முடிவு அதைவிடப் பெரியது. நோயாளியோடு ஒரே அறையில் படுத்துறங்கிய குடும்பத்தாருக்கு, சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வந்துவிடவில்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே நடந்துவிடுகிறது. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரை ஒதுக்கிவைக்க அவசியம் இல்லை.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். கண்காணித்து மருந்து கொடுக்கும் முறையும் சேத்துப்பட்டின் அடுத்தடுத்த ஆய்வுகளில் வளர்ந்து, பின்னாளில் 'டாட்ஸ்' என்ற பெயரில் நாடுகள்தோறும் போயிற்று. அன்று சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் யார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலக மருத்துவத்துக்கு அவர்கள் கொடுத்த கொடை இது. மருத்துவர்களின் பெயர் கட்டுரையில் இருக்கிறது. மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இங்கே ஒரு ஆபத்தையும் பார்க்க வேண்டும். "வறுமையிலும் குணமாகும்" என்று ஆய்வு சொன்னது. "அப்படியானால் வறுமை இருந்துவிட்டுப் போகட்டும், மாத்திரை போதும்" என்று அதைப் படிப்பது அரசுகளுக்கு எளிது. வந்த நோயைக் குணப்படுத்துவது ஒரு கேள்வி. நோய் யாருக்கு வருகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்குப் பதில் வர 2023 ஆயிற்று. சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்ற ஆய்வு அது. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் வீடுகளில், உடன் வாழ்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் பழங்குடி மக்கள். ஒரு பகுதி வீடுகளில் நோயாளியோடு குடும்பத்தார் அனைவருக்கும் அரிசியும் பருப்பும் மாதாமாதம் கொடுத்தார்கள். மறு பகுதியில் நோயாளிக்கு மட்டும். குடும்பத்துக்கே உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை அது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோயைக் கண்டறிந்த உடனேயே எடையைப் பார்த்து, மிகவும் மெலிந்தவர்களைத் தனியாகக் கவனித்து மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. நல்லது. ஒன்றிய அரசு நோயாளிக்கு 2018 முதல் கொடுத்துவந்த மாதம் 500 ரூபாய், 2024இல் 1,000 ஆயிற்று. அதுவும் நல்லது. ஆனால் அது நோயாளி ஒருவரின் கணக்கு. ஒரே சட்டியில் சோறு உண்ணும் வீட்டில், ஒருவருக்கு மட்டும் என்று எந்தத் தாய் பரிமாறுவாள்?

எனவே இந்த மண்டலத்தில் நாம் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, நமக்குள். இரண்டு வாரம் இருமுகிறவரை நாமே கைபிடித்துச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போவோம், தனிக்குவளையை எடுத்தெறிவோம். மற்றொன்று, அரசிடம். ஒப்பந்தத் தொழிலாளி உட்பட ஒவ்வொரு தூய்மைப் பணியாளருக்கும் ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே, நோய் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு, வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் உணவு ஆகியவற்றைக் கேட்போம். இது சலுகை கேட்பதாகாது. நம் மக்களின் நுரையீரலில் உலகம் படித்த பாடத்துக்கு, உலகம் இன்னும் கொடுக்காத கூலி அது.

ஜெய்பீம்.